துர்கா யாரை நம்பிப் போனாள்

துர்காவிடம் யாராவது நல்ல செய்தி ஒன்றைச் சொன்னால் அவள் முதலில் சொன்னவரின் முகத்தைப் பார்ப்பாள். பிறகு, "இத்த சொல்றதால உங்களுக்கு இன்னா கெடைக்குது?" என்று கேட்பாள். ரேஷன் கடையில் துவரம்பருப்பு வந்துவிட்டது என்று சொன்னாலும் இதே கேள்விதான். தெருவில் அவளுக்குச் சந்தேக துர்கா என்றே பெயர். காதுபடவே சொல்வார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை, அப்படிச் சொல்வதில் அவர்களுக்கு என்ன லாபம் என்று மட்டும் யோசிப்பாள்.

படவேட்டில் விவசாயக் கூலி வீட்டில் பிறந்தவள். பத்தாம் வகுப்பு முடித்த கோடையில், தெரிந்தவர் ஒருவரின் சொந்தக்காரி என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். மேற்கே எங்கோ ஒரு நூல் மில்லில் வேலை, தங்க இடம், வயிறாரச் சாப்பாடு, மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கென்று மொத்தமாக ஒரு தொகை. துர்காவின் அம்மா அந்தப் பெண்ணுக்குக் கோழி அடித்துச் சோறு போட்டாள். மில் விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்குப் போன் பேசலாம். பக்கத்தில் வார்டன் நிற்பாள். பஞ்சுத் தூசியில் இருமல் பிடித்தது. மூன்றாம் வருடம் முடியச் சில மாதங்கள் இருந்தபோது, உடம்பைத் தேற்றிக்கொண்டு வா கண்ணு என்று அன்பாகச் சொல்லி பஸ் ஏற்றிவிட்டார்கள். தேறித் திரும்பிப் போனால் அவள் இடத்தில் வேறு ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். மூன்று வருடம் முடிக்காதவர்களுக்கு அந்தத் தொகை கிடையாது என்றார்கள். கோழிக் குழம்பு சாப்பிட்டுப் போன பெண் அதன்பிறகு படவேட்டுப் பக்கமே வரவில்லை.

பார்த்திபனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். ஆரணியிலிருந்து தேவிகாபுரம் போகும் சாலையில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து உள்ளே இறங்கும் தெருவில் அவன் வீடு. வீட்டின் முன்னறை முழுக்கக் குழித்தறி. ஆரணியில் பட்டுக்கடை வைத்திருக்கும் லோகநாதன், தறியில் நீளவாக்கில் ஏற்றும் பட்டிழையான பாவும் ஜரிகையும் கொடுப்பார். பார்த்திபன் நெய்து கொண்டுபோய்க் கூலி வாங்கி வருவான். அதிகம் பேசாதவன். குடிக்க மாட்டான். துர்கா கேள்வி கேட்டுக் குடையாத ஒரே ஆள் அவன்தான். கல்யாணமான புதிதில் அவள் தூக்கத்தில் இருமினால் எழுந்து வெந்நீர் வைத்துக் கொடுத்திருக்கிறான். அது போதும் என்று நினைத்தாள்.

அவன் நெய்ய நெய்ய, குறுக்கே ஓடும் பட்டிழையை, தறியில் இங்குமங்கும் தள்ளும் நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குழல்களில் சுற்றிக் கொடுப்பது அவள் வேலை. தார் சுற்றுவது என்பார்கள். காலையில் சோறு வடித்ததும் ராட்டினத்தில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை அதுதான். பாவு பிணைக்கும் நாட்களில் இழை எடுத்துக் கொடுப்பதும் அவள்தான். ஒருமுறை கணக்கெடுக்க வந்த பெண், "வீட்டுக்காரம்மா என்ன வேலை பண்றாங்க?" என்று கேட்டாள். "வூட்ல சும்மாதான் கீது," என்றான் பார்த்திபன். துர்காவின் கை அப்போதும் ராட்டினத்தைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அவனும் பொய் சொல்லவில்லை. அவள் சுற்றிய தாருக்குத் தனியாகக் கூலி என்று ஒன்று இல்லை. அது சேலையின் கூலிக்குள்ளே எங்கோ கிடந்தது.

மகள் உதயா பிறந்து நடக்கத் தொடங்கிய சமயம், பாவு வருவது குறைந்தது. ஒன்று முடிந்து அடுத்தது வருவதற்குள் தறி வாரக்கணக்கில் சும்மா நின்றது. அப்போதுதான் வேன் வந்தது.

செய்யாறு பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனி. பெண்களை ஏற்றிப்போக வேன் அனுப்பினார்கள். ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தவன் தீனா என்ற இளைஞன். பஸ் நிற்கும் இடத்தில் காசியம்மாளின் இட்லிக் கடை இருந்தது. அதன் முன்னால் வண்டியை நிறுத்தி, தண்ணீர் பிடிக்க வந்த பெண்களைக் கூட்டி வைத்துப் பேசினான்.

"பி.எஃப். பிடிப்பாங்க, மத்தியானச் சாப்பாடு கேண்டீன்லயே குடுப்பாங்க. உங்க பேர்லயே பேங்க்ல சம்பளம் உழும்க்கா. வேன் வூட்டாண்டயே வரும்."

"நீ ஒரு ஆள சேத்தா உனுக்கு இன்னா தருவாங்க?" என்றாள் துர்கா.

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். தீனா சிரிக்கவில்லை. "தருவாங்கக்கா. அதுல இன்னா தப்பு?"

"தப்புன்னு சொல்லல. தெரிஞ்சிக்கணும்ல."

அந்த வாரமே லோகநாதன் ஆரணியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். வழக்கமாக வருகிறவர் அல்ல. பார்த்திபனிடம் தறியைப் பற்றிப் பேசிவிட்டு, போகும்போது உதயாவின் கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார். "கம்பெனி கிம்பெனின்னு போய் உடம்ப கெடுத்துக்காதம்மா. அடுத்த மாசம் முகூர்த்தம் நெறைய. பாவு வரும்," என்றார். அவர் தலை மறைந்ததும் துர்கா பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவர் ஒரு மிட்டாய்கூடக் கொடுத்ததில்லை. வேலைக்கு வா என்பவனுக்கும் லாபம், போகாதே என்பவருக்கும் லாபம். அப்படியானால் இரண்டு பேர் சொல்வதும் கணக்கில் சேராது.

பார்த்திபனைக் கேட்டாள்.

"உன் இஷ்டம்," என்றான் அவன்.

"உங்களுக்கு இஷ்டமா?"

"அதான் உன் இஷ்டம்னேன் இல்ல."

அவள் நேரிலேயே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். உதயாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆரணி போய், அங்கிருந்து செய்யாறு பஸ் ஏறி, கம்பெனி கேட்டுக்கு எதிரே ஒரு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். உள்ளே போகவில்லை. வேலை முடிந்து வெளியே வருகிறவர்களைப் பார்த்தால் போதும் என்பது அவள் எண்ணம். மில்லில் ஷிஃப்ட் முடிந்து வரும்போது தாங்கள் எப்படி வருவோம் என்று அவளுக்கு நினைவிருந்தது: வரிசையாக, தலையைக் குனிந்துகொண்டு, சத்தமில்லாமல்.

சாயங்காலம் மணி அடித்தது. பெண்கள் கும்பலாக வந்தார்கள். பாதிப் பேர் கையில் போன். ஒருத்தி யாரையோ சத்தமாகத் திட்டிக்கொண்டே வந்தாள். இரண்டு பேர் பூக்காரியிடம் நின்று பேரம் பேசினார்கள். களைத்துத்தான் இருந்தார்கள். ஆனால் நின்று பேரம் பேசும் அளவுக்கு அவர்களிடம் ஏதோ மிச்சமிருந்தது.

மரத்தடியில் தண்ணீர் குடிக்க வந்து உட்கார்ந்த ஒருத்தியிடம் துர்கா ஒவ்வொன்றாகக் கேட்டாள். வேலை நேரத்தில் வீட்டிலிருந்து போன் வந்தால் சொல்வார்களா, குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் விடுவார்களா, சொன்ன சம்பளம்தான் கைக்கு வருகிறதா.

"உடுவாங்க. அன்னிக்குக் கூலி போவும், அவ்ளோதான்," என்றாள் அவள். "லைன்ல வேல கம்மியானா திட்டுவாங்க. பாத்ரூமுக்குக்கூட சொல்லிட்டுதான் போவணும். பசை நாத்தம் மொத மாசம் தலைய வலிக்கும். சம்பளத்துல கோல்மால் இல்ல."

கெட்டதையும் சேர்த்துச் சொன்னதால் துர்கா அவளை நம்பினாள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தால் அன்றோடு அந்த வழியையே மறந்திருப்பாள். எழுந்து போகும்போது அந்தப் பெண் உதயாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, "இத்த யாரு பாத்துக்குவா?" என்று கேட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் துர்கா அதையே கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். காலையில் பால்வாடிக்குப் பார்த்திபன் கொண்டுபோய் விடுவான். மதியம் சாப்பாடு போட்டதும் குழந்தைகளை அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு வேன் திரும்பி வரும்வரை நீண்ட பொழுது. தறி வைத்த வீட்டில் தவழ்ந்து திரியும் வயதைத் தாண்டி ஓடித் திரியும் வயதில் ஒரு குழந்தை.

பதில் வலிய வந்தது. காசியம்மாள்தான் சொன்னாள். பால்வாடி அவள் கடைக்குப் பக்கத்துக் கட்டிடம்.

"மத்தியானம் நான் கூட்டிகினு வந்து வச்சிக்கிறேம்மே. சாயங்காலம் பஜ்ஜிக்கு எண்ண சட்டி வைப்பேன், அப்ப மட்டும் கொழந்த இங்க இருக்கக் கூடாது. உங்க வூட்ல கொண்டாந்து உட்டுடறேன்."

"அதுக்கு இன்னா தரணும் அத்த?"

"ஒண்ணும் வாணாம்."

காசியம்மாள் ஐம்பது தாண்டியவள். புருஷன் இறந்து, ஒரே மகன் பெங்களூரில். கடையைத் தனியாளாக நடத்தினாள். கறாரானவள், சட்னி இரண்டாவது முறை கேட்டால் முகம் மாறும். அப்படிப்பட்டவள் ஒன்றும் வேண்டாம் என்றதைத் துர்கா திரும்பத் திரும்ப யோசித்தாள். ஆனால் வேறு வழி இல்லை. ஒத்துக்கொண்டாள்.

வேலைக்குச் சேர்ந்தாள். ஷூவின் மேல்தோலுக்குப் பசை தடவி ஒட்டும் பிரிவு. மரத்தடியில் அந்தப் பெண் சொன்னதெல்லாம் அப்படியே இருந்தது, தலைவலி உட்பட. முதல் சம்பளம் அவள் பெயரில் வந்தது. போனில் வந்த செய்தியைப் பார்த்திபனிடம் காட்டினாள். அவன் தலையசைத்துவிட்டு, தார்க்குழலை ராட்டினத்தில் மாட்டினான். இப்போது தாரும் அவனேதான் சுற்ற வேண்டியிருந்தது. சொன்னது போலவே லோகநாதன் பாவு கொடுத்திருந்தார், கெடுவும் வைத்திருந்தார். வேலையெல்லாம் ஒரே ஆள் தலையில் சேர்ந்துவிட்டது.

உதயா தூங்க ஆரம்பித்தது அந்த மாதம்தான்.

துர்கா வேனிலிருந்து இறங்கி வீட்டுக்கு வரும்போது குழந்தை தூளியில் கிடக்கும். முதலில், விளையாடிக் களைத்திருக்கும் என்று நினைத்தாள். எழுப்பினால் எழாது. எழுந்தாலும் கண் பாதி மூடிக்கொண்டே இருக்கும். சோற்றை வாயில் வைத்தால் மெல்லாமல் அப்படியே வைத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழைய உதயாவாக, ஒரு இடத்தில் நிற்காமல் ஓடியது. துர்கா கவனித்த முதல் விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை குழந்தை அவளிடம் இருந்தது. மற்ற நாட்களில் காசியம்மாளிடம்.

"கடையில இருந்து வரப்பயே தூங்குதா?" என்று பார்த்திபனைக் கேட்டாள்.

அவன் நாடாவைத் தள்ளிக்கொண்டே, "ஆமா. தூங்கிகினேதான் கொண்டாந்து உடறாங்க," என்றான்.

மில்லில் ஒரு பெண் சொல்லித் துர்கா கேட்டிருந்தாள்: வேலைக்குப் போன ஒருத்தியின் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட கிழவி, கஷாயத்தில் எதையோ கலக்கித் தூங்க வைத்தாளாம். அந்தப் பேச்சு இப்போது திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. பசை தடவும்போதெல்லாம் காசியம்மாளின் கை, ஒரு டம்ளர், உதயாவின் வாய் என்றே தோன்றியது. ஒன்றும் வேண்டாம் என்று சொன்னாளே. ஒன்றும் வாங்காமல் ஒருத்தி எதற்காகப் பிள்ளையை வைத்துக்கொள்வாள்? தூங்கிக் கிடக்கிற பிள்ளையை வைத்துக்கொள்வதில் என்ன சிரமம்?

ஒருநாள் காலை வேனுக்குக் காத்திருந்த பெண்கள் முன்னால் கேட்டுவிட்டாள்.

"அத்த, எம்பொண்ணுக்கு இன்னா குடுக்கிறீங்க?"

காசியம்மாள் இட்லித் தட்டில் துணி விரித்துக்கொண்டிருந்தாள். "இன்னா குடுப்பாங்க. ரெண்டு இட்லி பால்ல பெசஞ்சி குடுப்பேன்."

"தூங்கறதுக்கு இன்னா குடுக்கிறீங்கன்னு கேட்டேன்."

பேசிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். டீக் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் டம்ளரை வைத்தார். காசியம்மாள் துணியை முழுதாக விரித்து, ஓரத்தைச் சரி செய்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"எங்கிட்ட அது தூங்கறதே இல்ல," என்றாள். "நீ நம்பப் போறதில்ல. நாளையில இருந்து உன் கொழந்தைய நீயே பாத்துக்க."

கடைக்குள் போய், உதயாவின் மாற்றுச் சட்டையையும் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தையும் எடுத்து வந்து பெஞ்சின் மேல் வைத்தாள். வேன் வந்தது. துர்கா ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் வழக்கமாக உட்காருகிறவள் அன்று பின்னால் போய் உட்கார்ந்தாள். எங்கிட்ட அது தூங்கறதே இல்ல என்றது பொய்யர்கள் சொல்லும் பேச்சு என்று துர்கா தனக்குள் சொல்லிக்கொண்டாள். செய்யாறு வரும்வரை சொல்லிக்கொண்டே போனாள்.

அதன்பிறகு மதியத்திலிருந்தே பார்த்திபன் பார்த்துக்கொண்டான். தறி நிற்குமே என்றதற்கு, சமாளிக்கிறேன் என்றான். உதயாவின் தூக்கம் குறையவில்லை. கூடியது. புதன்கிழமை துர்கா வந்தபோது குழந்தையின் உதடு காய்ந்து, நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

"பழக்கம் மாறத்துக்கு நாளாவும்," என்றான் பார்த்திபன்.

அவள் டம்ளரில் தண்ணீர் மொண்டு வந்து குழந்தையின் உதட்டில் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

அடுத்த வாரம் கம்பெனியில் மின்சாரக் கோளாறு. ஜெனரேட்டரும் ஓடவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரையும் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வெயில் கொளுத்தும் நேரத்தில் துர்கா தெருவில் நடந்து வந்தாள். வீட்டிலிருந்து தறிச் சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். பார்த்திபன் குழியில் காலை வைத்து நெய்துகொண்டிருந்தான். தூளியில் உதயா வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. காசியம்மாள் இந்த வீட்டு வாசலை மிதித்து எத்தனையோ நாளாகிவிட்டது.

தறிக்குழியின் ஓரமாக எறும்புகள் சாரையாகப் போய்க்கொண்டிருந்தன. பட்டு வைக்கும் இடத்தில் எறும்பு வர விடமாட்டான் பார்த்திபன். அவள் அந்தச் சாரையின் கூடவே கண்ணைக் கொண்டுபோனாள். தார்க்கூடைக்குப் பின்னால் ஒரு ஸ்பூன் கிடந்தது. அதைச் சுற்றிக் கறுப்பாக எறும்பு. கூடையை நகர்த்தினாள். சிவப்பு மருந்து, பாதி பாட்டில்.

தறி நின்றது.

"சளி மருந்துதான்," என்றான் பார்த்திபன். "மெடிக்கல்ல கேட்டு வாங்கனது."

"அதுக்குச் சளியே இல்லியே."

அவன் குழியிலிருந்து ஏறாமலே பேசினான். கல்யாணமானதிலிருந்து அவன் அவ்வளவு நேரம் ஒரே மூச்சில் பேசியதில்லை. குழந்தை பாவு இழையைப் பிடித்து இழுக்கிறது. ஒருநாள் ஒரு கை அளவுக்கு அறுத்துவிட்டது. பிணைக்க ஒருநாள் முழுக்கப் போயிற்று. லோகநாதன் கடையில் நாலு பேர் முன்னால் ஏன் தாமதம் என்று கேட்டார். இன்னொரு நாள், மிதிபலகைக்குக் கீழே தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மிதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும். தாரும் சுற்றி, நெய்து, பிள்ளையையும் பிடிக்க ஒரு ஆளால் எப்படி முடியும்.

"காசி அத்த கொண்டாந்து உட்டப்பறமும் இத்ததான் குடுத்தீங்களா? அப்பயும்?"

அவன் நாடாவை எடுத்துக் கையில் உருட்டினான்.

"தூங்கிகினே வருதுன்னு சொன்னீங்களே."

"நீ கேட்ட. நான் இன்னா சொல்றது?"

துர்கா பாட்டிலை மூடி, கைப்பையில் போட்டுக்கொண்டு, தூங்கும் குழந்தையைத் தோளில் சாய்த்து வெளியே வந்தாள். பஸ் நிற்கும் இடத்தில் காசியம்மாள் கடையைக் கடக்கும்போது அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஆரணி அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாள் பாட்டிலை வாங்கிப் பார்த்தாள், குழந்தையின் கண்ணை விரித்துப் பார்த்தாள். இவ்வளவு சின்னக் குழந்தைக்கு இது கொடுக்கவே கூடாது, நல்லவேளை இத்தோடு நின்றது, தண்ணீர் நிறையக் கொடு, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றாள். "யாரு குடுத்தது?" என்று கேட்டாள்.

"வூட்ல," என்றாள் துர்கா.

வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தாள். உதயா மெல்ல மெல்லத் தெளிந்து, மறுபடி ஓட ஆரம்பித்தது. லைன் சூப்பர்வைசர் போன் செய்து, திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்றார். படவேட்டிலிருந்து அம்மா போன் செய்து, புள்ளைய உட்டுட்டு அப்படி இன்னா வேல என்றாள். சனிக்கிழமை லோகநாதன் கடையிலிருந்து இரண்டு பாவு வந்து இறங்கியது. ஒன்று அல்ல, இரண்டு. கொண்டு வந்தவன், "வூட்டுக்காரம்மா கூட இருந்தா ஜல்தியா முடிப்பன்னு மொதலாளி சொன்னாரு," என்று சொல்லிவிட்டுப் போனான்.

பார்த்திபன் பாவைத் தறியருகே சாய்த்து வைத்தான். பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "நீ வேலைய உட்டுடு. முன்ன மாதிரி தார் சுத்து. கொழந்தையும் உங்கூட இருக்கும். எனக்கும் பேஜார் இல்ல."

துர்கா அந்த இரண்டு பாவையும் பார்த்தாள். அவள் வீட்டில்தான் இருக்கிறாள் என்பது ஆரணிக் கடை வரைக்கும் எப்படிப் போயிற்று?

"இத்த முன்னாடியே பேசி வச்சீங்களா?"

"எத்த?"

"நான் வேலைய உட்டு வந்துடுவேன்னு."

"இன்னா பேசற நீ? கொழந்தைக்கு அப்படிப் பண்ணி உன்ன வூட்ல ஒக்கார வைக்கணுமா எனக்கு?" அவன் கண் கலங்கியிருந்தது. பொய் சொல்லும்போதும் ஒருவனுக்குக் கண் கலங்கலாம், உண்மை சொல்லும்போதும் கலங்கலாம். வெந்நீர் வைத்துக் கொடுத்த மனுஷன் என்று அவள் இத்தனை வருடம் கேட்காமல் விட்ட கேள்விகள் எல்லாம் சேர்ந்து வந்து நின்றன. எதையும் கேட்கவில்லை. எதைக் கேட்டாலும் அவன் சொல்லும் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அது இன்றுவரை தெரியவில்லை.

ஆனால் ஒன்று தெரிந்தது. வேலையை விட்டால், இனி இந்த வீட்டில் என்ன நடந்தாலும் அவள் பேரில் காசு என்று ஒன்றும் இருக்காது; அப்போது சந்தேகம் வந்தும் பயனில்லை.

ஞாயிற்றுக்கிழமை சூப்பர்வைசருக்குப் போன் செய்தாள். காலை ஷிஃப்ட் ஒன்று புதிதாகத் தொடங்கியிருந்தார்கள். விடியுமுன் வேன் ஏற வேண்டும் என்பதால் அதற்குப் பெரிய போட்டி இல்லை; இந்த ஊரிலிருந்து நாலைந்து பெண்கள்தான் அதற்கு மாறியிருந்தார்கள். அதில் போடச் சொன்னாள். மதியம் முடிந்து, பஜ்ஜி எண்ணெய் காய்வதற்குள் திரும்பிவிடலாம். இடையில் இருக்கும் பொழுதுக்குத்தான் ஆள் வேண்டும்.

காசியம்மாள் கடையில் கூட்டம் இல்லாத நேரம். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். துர்கா போய் நின்றாள்.

"தப்புப் பண்ணிட்டேன் அத்த."

காசியம்மாள் திரும்பவில்லை. "ஊரே சொல்லுது. ஆஸ்பத்திரிக்குப் போனது, எல்லாம்."

"நீங்க அன்னிக்கி ஒரு வார்த்த, தூங்கவே இல்லன்னு சொன்னீங்க. நான் கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும்."

"திரும்பப் பாத்துக்குவீங்களா?"

"மாட்டேன்."

துர்கா போகாமல் நின்றாள். உதயா பெஞ்சின் அடியில் புகுந்து, தனக்குப் பழகிய இடம்போல அங்கிருந்த டப்பாவை உருட்ட ஆரம்பித்தது. காசியம்மாள் கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"நாலு பேர் எதுர்ல கேட்ட. வேன்ல போற பொண்ணுங்க நாலு பேரு இப்ப எங்கிட்ட இட்லி வாங்கறது இல்ல. அவங்க எதுர்ல சொல்லு. அப்பறம் பாக்கலாம்."

"சொல்றேன்." பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல், "அத்த, ஒண்ணு கேக்கட்டா. ஏன் சும்மா பாத்துகினீங்க? உங்களுக்கு இன்னா?"

காசியம்மாள் முதல்முறையாக அவளைப் பார்த்தாள். சிரிப்பை அடக்குவது போலிருந்தது.

"நீ திருந்த மாட்ட. சொல்றேன், கேட்டுக்க. மத்தியானத்துல ஒயின் ஷாப்புல இருந்து நேரா இங்க வருவானுங்க. ஒரு இட்லி வாங்கிகினு ஒரு மணி நேரம் குந்திகினு கண்டதப் பேசுவானுங்க. நான் ஒண்டிப் பொம்பள. இந்தக் கொழந்த வெளாடிகினு இருந்தப்ப ஒருத்தனும் பேசல. தின்னுட்டு ஏந்து போயிட்டானுங்க. நீ கூப்புட்டுகினு போன மறுநாளே திரும்ப ஆரம்பிச்சிட்டானுங்க. போதுமா?"

துர்கா யோசித்துப் பார்த்தாள். அது சரியாக இருந்தது. காசியம்மாளுக்கு ஒரு லாபம் இருக்கிறது என்று தெரிந்ததும், அவளுக்குக் கணக்கு ஒருவழியாகச் சேர்ந்தது.

மறுநாள் இருட்டோடு வேன் பெண்கள் முன்னால் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள்: காசி அத்தை எதுவும் கொடுக்கவில்லை, கொடுத்தது என் வீட்டில்தான், நான் விசாரிக்காமல் பேசிவிட்டேன். ஒருத்தி மட்டும் இறங்கிப் போய் இரண்டு இட்லி பார்சல் வாங்கிக்கொண்டு வந்தாள்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. துர்கா இன்னும் காலை ஷிஃப்டில்தான் போகிறாள். பார்த்திபன் தார் சுற்ற சின்ன மோட்டார் ஒன்று வாங்கியிருக்கிறான். தெருவில் இருக்கிறவர்கள் பார்த்தால், முன்போலவே ஒரு குடும்பம். அவன் குழந்தையைப் பால்வாடிக்குக் கூட்டிப்போகிறான், சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து மணி அடிக்க விடுகிறான். வீட்டில் மாத்திரை, மருந்து எதுவும் இல்லை. காய்ச்சல் மருந்துகூடத் துர்காவின் கைப்பையில் அவளோடு செய்யாறு போய் வருகிறது.

வேனிலிருந்து இறங்கியதும் அவள் கடைக்குள் குனிந்து உதயாவைத் தூக்கி, வாயை முகர்ந்து பார்ப்பாள். காசியம்மாள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். குழந்தை அதை ஏதோ விளையாட்டு என்று எடுத்துக்கொண்டுவிட்டது. வேன் சத்தம் கேட்டால் போதும், ஆ என்று வாயைத் திறந்துகொண்டு ஓடிவரும். ஒருநாள் அப்படி ஓடிவந்து, முதலில் அம்மாவின் கையைப் பிடித்து முகர்ந்துவிட்டு, பசை நாற்றத்தில் மூக்கைச் சுருக்கியது.

"நீ இன்னா சாப்ட?" என்று கேட்டது.

"கம்பெனியில சாம்பார் சாதம்," என்றாள் துர்கா.

குழந்தை அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தது. பிறகு நம்பிவிட்டது போல இறங்கிப் போய், பெஞ்சின் அடியில் உட்கார்ந்துகொண்டது.